ஐந்தாம் வகுப்போடு வெட்டிய ஒன்பது வருடப் படிப்பு

அக்கா போய் ஒரு வருடமாகிறது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுத்திருக்க வேண்டிய கல்வெட்டை, அந்த நினைவு மலரை, நான் அச்சடிக்கவில்லை. ஏன் என்று சிலர் கேட்டார்கள். பலர் என்னிடம் கேட்காமல் தங்களுக்குள் கதைத்தார்கள். அன்றைக்கு எழுதியிருந்தால் உங்களில் பாதிப்பேர் இன்றைக்கு இந்தத் திவசத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள். இப்போதும் கோபம் ஆறவில்லை. ஆனால் இனியும் எழுதாமல் விட்டால் அக்கா படிப்பித்த பள்ளிக்கூடத்து மதிலில் எழுதியிருப்பதுதான் அவரைப்பற்றிய கடைசிப் பேச்சாக நிற்கும். அந்த மதிலில் இருப்பது அக்கா இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவது என் தொழில். செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பா பாடித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அக்காவை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். தேவாரங்கள் முன்பக்கங்களில் இருக்கின்றன; அவற்றை முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். நான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள், என் மருமகள், கணினியில் அடிக்கிறாள். சில வரிகளை எடுக்கச் சொல்கிறாள். சிலதை எடுத்தேன். மற்றவை கிடக்கட்டும்.

அக்கா சுன்னாகத்துக்கு அருகில் எங்கள் ஊரில், வெங்காயம் வைக்கும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பிறகு நான். ஐயா விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவார். அக்கா வாய்க்கால் மாற்றிவிட்டு, கால் கழுவி, அப்படியே பள்ளிக்கூடம் போவார். படிப்பில் கெட்டிக்காரி. நான் இல்லை. என்னை அவர் படிப்பிக்கப் பார்த்துத் தோற்றார். அதைப்பற்றிப் பிற்காலத்தில் கேட்டால், "உன்னிலைதான்டா நான் படிப்பிக்கப் பழகினனான். என்னென்ன செய்யக்கூடாது எண்டு அப்பவே விளங்கீட்டுது" என்பார்.

சண்டைக் காலத்தில் எல்லாரோடும் நாங்களும் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் இருந்தோம். பக்கத்துக் கொட்டில்களில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு அக்கா அங்கேயே வகுப்பு வைத்தார். புத்தகம் இல்லை, பலகை இல்லை. கிணற்றடியில் வாளிக்காக வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு, ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம், வரிசை முடிய எவ்வளவு நேரம் என்று கணக்குக் கொடுப்பார். அந்தக் காலத்தை நான் புகழ்ந்து எழுதப் போவதில்லை. ஐயா அங்கேதான் வயிற்றோட்டத்தில் செத்தார். மருந்து இருக்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை என்ற பத்திரம் அக்காவின் கையில் இருந்தது. அரசாங்க நியமனம் வரத் தாமதமானது. எங்கள் ஊரில் லுத்தரன் மிஷன் நடத்தும் சின்னப் பாடசாலை ஒன்று இருக்கிறது. முதலாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. அக்கா அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு அரசாங்க நியமனம் வந்தும் போகவில்லை.

இதற்கு எங்கள் சொந்தத்தில் பேச்சு எழுந்தது. சித்தப்பா வீட்டுக்கே வந்து சொன்னார்.

"வேதக்காரற்றை பள்ளிக்கூடத்திலை போய் நிண்டு என்னத்தைப் படிப்பிக்கப் போறாய், பிள்ளை? நாளைக்கு உன்னையும் மாத்திப் போடுவாங்கள்."

"கணக்குப் படிப்பிக்கப் போறன் சித்தப்பா. கணக்குக்குச் சமயம் இல்லை."

"பென்சன் இருக்கோ அதுக்கு?"

"அதுவும் இல்லை."

சித்தப்பா அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா கடைசிவரை சைவமாகவே இருந்தார். வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவரை மாற்றப் பார்க்கவும் இல்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் போதகர் வேதபாடம் நடத்தும் அதே நேரத்தில் சைவப் பிள்ளைகளுக்கு அடுத்த அறையில் அக்கா சைவசமயம் படிப்பித்தார். பாடம் முடிய இரண்டு அறைப் பிள்ளைகளும் விறாந்தையில் இருந்து ஆளுக்கு ஒரு கேள்வியை மற்றப் பக்கத்திடம் கேட்க வேண்டும். சண்டை பிடிக்கக்கூடாது, பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இது அக்காவும் அப்போதிருந்த போதகரும் சேர்ந்து போட்ட ஒழுங்கு. வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் அத்தானைக் கலியாணம் செய்தார். அத்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்தவர். அதிகம் கதைக்காதவர். மருமகள் பிறந்த பிறகு அந்தப் பாடசாலையின் பாடத்திட்டத்தை முழுதாகப் பார்க்கும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள். அவருடைய வாழ்க்கை அதுதான். ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நன்றிப் பக்கத்துக்குப் போகலாம்.

அரசாங்கப் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை அக்கா விடவில்லை. ஆனால் ஒன்பது வருடத்தையும் ஒரே துணியாக நெய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சின்ன வகுப்பில் தொடங்கிய ஒன்று பெரிய வகுப்பில் திரும்பி வர வேண்டும். இரண்டாம் வகுப்பில் பிள்ளை தன் வீட்டுக்குப் போகும் வழியை வாயால் சொல்லும். ஆறாம் வகுப்பில் அதே வழியை எழுதும். எட்டாம் வகுப்பில் அந்த வழியில் உடைந்து கிடக்கும் மதகைப்பற்றிப் பிரதேச சபைக்கு மனு எழுதி உண்மையாகவே அனுப்பும். பதில் வராது. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

எல்லாவற்றிலும் பெரியது கிணற்றுப் பாடம். பள்ளிக்கூடக் கிணறு பழைய கல்லுக்கிணறு. ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் பிள்ளைகள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு முடிச்சுகளை எண்ணுவது மட்டும் வேலை. நாலாம் வகுப்பு அதை மீற்றராக மாற்றும். ஐந்தாம் வகுப்பு மழையோடு ஒப்பிடும். ஏழாம் வகுப்பு வரைபு கீறும். கொப்பியில் இல்லை, கிணற்றடி மதிலில், கறுப்புப் பெயின்றால். போன தவணைப் புள்ளியிலிருந்து இந்தத் தவணைப் புள்ளிக்கு ஒரு கோடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து காய்ச்சி வற்றவைத்து, எந்த வீட்டில் உப்பு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு, இதையெல்லாம் ஏன் செய்கிறோம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் கேட்டு ஓயுமட்டும் பெரிய பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அதுதான் அந்தப் பாடசாலையின் கடைசிப் பரீட்சை. புள்ளி கிடையாது. பாஸ், பெயில் கிடையாது.

எங்கள் ஊரில் ஆறு இல்லை, குளத்து நீர்ப்பாசனம் இல்லை. குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் நிலத்துக்குக் கீழே கிடக்கும் அந்த ஒரே தண்ணீர். அதைப்பற்றிப் படிப்பிக்காமல் வேறு எதைப் படிப்பிப்பது என்று அக்கா கேட்பார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. உங்களில் பலருக்கு அது விளையாட்டாகப் பட்டது. "பிள்ளையளைக் கிணத்தடியிலை விட்டிட்டு ரீச்சர்மார் வெத்திலை போடினம்" என்று சொன்னவரின் பெயரை மருமகள் அடிக்க மாட்டேன் என்கிறாள்.

மருமகளும் அங்கேதான் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணினாள். பட்டணத்துப் பெரிய கல்லூரியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கும். அக்கா விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை அங்கேயே வைத்திருந்தார். ரீச்சர் தன்ரை பிள்ளையைக் கெடுத்துப்போட்டா என்று ஊரே சொன்னது. அவள் பல்கலைக்கழகம் போகவில்லை. இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தால் உனக்கு நன்மையா தீமையா என்று இப்போது கேட்டேன்.

"தெரியாது மாமா. ஆனா விளங்காத ஒண்டையும் நான் ஒருநாளும் பாடமாக்கேல்லை. கடையிலை அதாலை எனக்குக் கொஞ்சம் கரைச்சல்தான்."

இதை அப்படியே போடு என்றேன். போட்டிருக்கிறாள்.

பாடசாலை எப்படிக் கெட்டது என்று இனிச் சொல்ல வேண்டும். முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைந்தார்கள். சந்திக்குச் சந்தி ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு வந்தது. ஒவ்வொன்றின் வாசலிலும் புலமைப்பரிசில் பாஸ் பண்ணிய பிள்ளைகளின் படம் தொங்கியது. எங்கள் மிஷன் பாடசாலையின் வாசலில் ஒன்றும் தொங்கவில்லை. பள்ளிக் குழு கூடியது. அது ஒரு சனிக்கிழமை. கிணற்றுப் பம்பு காற்று இழுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூட்டம் பக்கத்து விறாந்தையில். எல்லாம் கேட்டது.

இப்போதைய போதகர் சொன்னார்: "ரீச்சர், சனம் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். ஸ்கொலசிப் எத்தினை பாஸ்? கிணத்திலை தண்ணி எவ்வளவு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"பாஸ் பண்ணினால் என்ன நடக்கும் போதகர்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பேர் வரும்."

"பேர் வரும். பிள்ளை போகும். பாஸ் பண்ணின பிள்ளையைத் தாய் தேப்பன் ஆறாம் வகுப்புக்கு ரவுணுக்குத்தான் கொண்டுபோவினம். அதுக்குத்தானே அந்தச் சோதினையே வைக்கினம். நாங்கள் நல்லாச் செய்யச் செய்ய எங்கடை ஆறாம் வகுப்பு வெறுமையாகும். பிறகு ஏழு. பிறகு எட்டு."

குழுவில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்: "ரீச்சர் சொல்லுறதைப் பாத்தால் பிள்ளையளைப் பெயிலாக்கிறதுதான் நல்லது போலை கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "நாங்கள் படிப்பிக்கிறது ஒன்பது வருசத்துக்கு. ஐஞ்சோடை வெட்டினால் அது அரைவாசிப் படிப்பில்லை. ஒண்டுமில்லை. மூண்டாம் வகுப்பிலை முடிச்சை எண்ணின பிள்ளைக்கு அது ஏன் எண்டு தெரியாமலே போயிடும்."

போதகர் மெதுவாகக் கேட்டார்: "ஒண்டாம் வகுப்புக்கே பிள்ளை இல்லாட்டில் ஒன்பதாம் வகுப்பு எங்காலை வரும் ரீச்சர்?"

கடைசியில் அக்கா ஓம், நானே செய்கிறேன் என்றார். போதகர் கெட்ட மனிதர் அல்லர். அவர் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. பாஸ் பண்ணாவிட்டால் பிள்ளை வராது. பாஸ் பண்ணினால் பிள்ளை நிற்காது. இதற்கு இடையில் ஒரு பள்ளிக்கூடம் எப்படி நிற்கும்? எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்புகளில் கிணற்றுப் பாடம் நிறுத்தப்பட்டது. வழி சொல்லும் பாடம் நிறுத்தப்பட்டது. விறாந்தைக் கேள்வியும் நிறுத்தப்பட்டது. அந்த நேரமெல்லாம் மாதிரி வினாத்தாள். கூட்டம் முடிந்து அக்கா கிணற்றடிக்கு வந்தார்.

"எல்லாம் கேட்டதே?"

"கேட்டது. உவையளும் இந்தப் பம்பும் ஒண்டு. சத்தம் வருது, தண்ணி வராது."

"தண்ணி வரும்டா. ஒண்டு ரண்டு வருசம் நல்லாய் வரும். பிறகு வத்தும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஓமெண்டு சொன்னனீ?"

"நான் செய்யாட்டில் ரியூட்டரிக்காரனைக் கூப்பிடுவினம். அவன் பிள்ளையளுக்கு அடிப்பான்."

அக்கா ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். அதுதான் வினையானது. வேறு யாராவது செய்திருந்தால் அந்தத் திட்டம் தோற்றிருக்கும், பாடசாலை இன்னும் கொஞ்சக் காலம் இழுத்துக்கொண்டிருக்கும். அக்கா செய்தபடியால் வென்றது. பிள்ளை எங்கே தடக்குகிறது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். பெறுபேறு வந்தபோது அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் சுற்றுவட்டாரத்தில் முன்னுக்கு நின்றது. பெரிய பதாகை அடித்து வாசல் படலையில் கட்டினார்கள். பிள்ளைகளின் படம் சுற்றிவர, நடுவில் அக்காவின் படம். மாலை போட்டார்கள், வெடி கொளுத்தினார்கள். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாசலுக்கு ஒரு வளைவு கட்டித் தந்தார்கள்.

தை மாதம் பிறந்தது. பதாகையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் புதுச் சப்பாத்து, புதுக் கழுத்துப்பட்டியோடு பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அவர்கள் ஏறும் பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கும். அக்கா வாசலில் நின்றால், "போட்டு வாறம் ரீச்சர்" என்று சொல்லி ஏறுவார்கள். மரியாதையான பிள்ளைகள். அக்காதான் அப்படி வளர்த்தார்.

ஆறாம் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். தர்சிகா, கஜன், டிலானி. பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்கள். சந்தியில் அந்த வகுப்புக்கு "மிச்சம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் வைத்த பெயர் அது, பிள்ளைகள் வைத்ததல்ல. அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வருடம் குழு அந்த வகுப்பையே எடுத்துவிட்டது. மூன்று பேரும் ஏழுக்குப் போனார்கள், எட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வகுப்பாகக் கதவு பூட்டப்பட்டது.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பதாகையில் இருந்தார்கள். தாய் தகப்பன் தன் பிள்ளைக்கு நல்ல இடம் தேடுவது பிழையில்லை என்று எழுதச் சொல்லி மருமகள் கேட்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் அந்த இடம் நல்ல இடம்தானா என்று உங்களில் ஒருவராவது போய் எட்டிப் பார்த்தீர்களா? பெயரைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான்.

அந்த மூன்று பேருக்கும் அக்கா முழுப் பாடத்திட்டத்தையும் நடத்தினார். கிணறு அளந்தார்கள். மதிலில் கோடு இழுத்தார்கள். மதகுக்கு மனு அனுப்பினார்கள். கடைசியில் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்கு விளங்கப்படுத்த வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கும் நான் பம்புக்காகப் போயிருந்தேன். அக்கா மூவரையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்பு வாசலுக்குப் போனார். அந்த வகுப்பு ரீச்சர் இளம் பிள்ளை. அக்காவிடம் படித்தவள்தான். எழும்பி வந்து, கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்:

"குறை நினையாதேங்கோ ரீச்சர். இண்டைக்கு மாதிரித் தாள் குடுத்திட்டன். நேரம் வைச்சுச் செய்யினம். இப்ப எழுப்பினால் பிள்ளையள் குழம்பிப் போயிடும்."

"மூண்டாம் வகுப்புக்கே இப்ப?"

"மூண்டிலை துவங்காட்டில் ஐஞ்சிலை பிடிக்கேலாது ரீச்சர். நீங்கள்தானே அப்பிடிப் போட்டுத் தந்தனீங்கள்."

அக்கா பிள்ளைகளோடு திரும்பி வந்தார். நான் கிணற்றுக் கட்டில் இருந்தேன்.

"தம்பி, நீ மூண்டாம் வகுப்பு பாஸ் பண்ணினனீதானே?"

"ஒருமாதிரி."

"அப்ப இதிலை இரு. பிள்ளையள், இவருக்கு விளங்கப்படுத்துங்கோ. ஆள் கொஞ்சம் மந்தம். பாத்துச் சொல்லுங்கோ."

கஜன் மதிலில் இருந்த கோட்டைக் காட்டிச் சொன்னான். மாரியில் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது, ஆனால் ஏறும்போது பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டுமாம். மழை விழுவது அவ்வளவு மாறவில்லை, எடுப்பதுதான் கூடிவிட்டது என்றாள் டிலானி. ஏன் கூடியது என்று கேட்டேன். மூவரும் ஆளையாள் பார்த்தார்கள். தர்சிகா சொன்னாள்:

"அங்கிள், கோவிக்காதேங்கோ. முந்தி மிஷின் பழுதானால் நாலு நாள் இறைக்காமல் கிடக்கும். இப்ப நீங்கள் அண்டைக்கே வந்து திருத்திப்போடுறியள்."

எனக்குக் கோபம் வந்தது. அக்கா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் காணவில்லை. "மூண்டு பேரும் பாஸ்" என்றார்.

அந்த வருட முடிவோடு பெரிய வகுப்புகள் மூடப்பட்டன. அக்காவுக்கும் ஓய்வு வயது. சில மாதங்களில் வயிற்றில் நோ என்றார். பார்த்தபோது பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் அத்தான் இரவும் பகலும் கூட இருந்தார். பார்க்க வந்தவர்கள் பலர். பழங்கள், பால்மா ரின்கள். வைத்த மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்கு இடமில்லை. ஒரு நாள் ஒரு தாய் வந்தார். அவருடைய மூத்த மகன் அந்தப் பதாகையில் இருந்தவன். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார்.

"ரீச்சர், சின்னவனுக்கு வாற மாசம் ஸ்கொலசிப். ரண்டே ரண்டு கணக்குத்தான். ரியூட்டரியிலை கேட்டால் விடையை மட்டும் சொல்லுறாங்கள்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கண்ணாடியை எடுத்துத் தாடா."

சாய்ந்திருந்தபடியே அந்தக் கணக்கைப் பார்த்தார். வழியைச் சொல்லச் சொல்ல அந்தத் தாய் எழுதினார். முடிந்ததும் அக்கா கேட்டார்: "மூத்தவன் எப்பிடி?"

"இருக்கிறான் ரீச்சர். அங்கை வகுப்பிலை கனபேர். பின்னுக்குத்தான் இருக்கிறானாம். இஞ்சை எண்டால் அவன் வாய் ஓயாமல் கேள்வி கேப்பான். இப்ப ஒண்டும் கேக்கிறதில்லை."

அவர் போன பிறகு நான் பேசினேன். சாகக் கிடக்கிற மனுசியிடம் கணக்குக் கேட்க வந்துவிட்டாள் என்றேன். இன்னும் கேவலமாகவும் சொன்னேன். அத்தான் வெளியே போய்விட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"அவள் கேட்டதிலை பிழையில்லை. விடை வேண்டாம், வழி வேணும் எண்டு கேட்டவள். அவளும் எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒன்பது மட்டும் படிச்சவள்தான்."

"அப்ப ஏன் மூத்தவனைக் கொண்டுபோய் அங்கை விட்டவள்?"

"எங்கடை ஆறாம் வகுப்பிலை அவனோடை படிக்க ஆர் இருந்தது?"

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப்பற்றி அவர் என்னோடு கதைக்கவில்லை. பத்து நாளைக்குள் போய்விட்டார். கடைசியில் சமாதானமாகப் போனார் என்று எழுதுவது வழக்கம். நான் பக்கத்தில் இருந்தேன். நோவோடுதான் போனார்.

செத்தவீட்டன்று ஊர் மதிலெல்லாம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். எல்லாவற்றிலும் புலமைப்பரிசில், புலமைப்பரிசில். அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு பாடசாலை ஆண்டு விழாவுக்கு அக்காவின் நினைவாக ஒன்று செய்யப்போகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நானும் அத்தானும் மருமகளும் போனோம். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மதிலுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பிள்ளைகள் வருடக்கணக்காக இழுத்த கறுப்புக் கோடு அதற்கடியில் போய்விட்டது. அதன்மேல் பாஸ் பண்ணிய பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக, பொன் நிறத்தில். உச்சியில் அக்காவின் பெயர். அந்த மதிலுக்கே அக்காவின் பெயரை வைத்திருக்கிறார்களாம். போதகர் கண்கலங்கி நின்றார். அவர் மனதார அக்காவுக்கு மரியாதை செய்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று அழித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

"இதிலை ஒரு கோடு இருந்ததே, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம், ஏதோ பிள்ளையள் கிறுக்கினது. அதுக்குத்தான் ரண்டு தரம் அடிச்சனாங்கள்" என்றார் கிளாக்கர்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் மதிலுக்குக் கிட்டப் போய் வெள்ளையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள்.

இனி நன்றி.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும், தாதிமாருக்கும், முகம் சுளிக்காத அந்தச் சிற்றூழியருக்கும் நன்றி. செத்தவீட்டு மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்து, சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கு நன்றி. மறு சமயத்தவர் என்று ஒதுங்கி நிற்காமல் சுடலைப் படலை வரை நடந்து வந்த போதகருக்கு நன்றி. அவரோடு எனக்குக் கோபம் தீரவில்லை என்பதையும் அவர் அறிவார். நெடுநாள் வராமலிருந்து செத்தவீட்டுக்கு வந்து, பந்தல் பிடுங்கும் வரை இருந்த சித்தப்பாவுக்கு நன்றி. பள்ளிக் குழுவுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம்.

தர்சிகா, கஜன், டிலானி மூவருக்கும் நன்றி. செத்தவீட்டன்று பார்த்து வீட்டுக் கிணற்றில் பம்பு பழுதானது. எனக்குத் திருத்தக் கை ஓடவில்லை. வந்த சனம் முழுவதற்கும் கை கால் கழுவ இவர்கள்தான் வாளியால் அள்ளித் தந்தார்கள். கஜன் மர ஆலையில் நிற்கிறான். தர்சிகா தையல் கடையில். டிலானி மட்டும் வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே கேள்வி கேட்டால் சிரிக்கிறார்களாம். இவர்களைப்பற்றி மதிலில் ஒன்றும் எழுதவில்லை. அக்கா தன் வேலையை முழுதாக முடித்த கடைசி வகுப்பு இதுதான். இனி அப்படி ஒரு வகுப்பு வரப் போவதில்லை.

போன கிழமை பள்ளிக்கூடப் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். பம்பில் பழுதில்லை. குழாயை இன்னும் கீழே இறக்க வேண்டியிருந்தது. இறக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கை கழுவ வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன அங்கிள் செய்யிறியள்?"

"தண்ணி கீழை போட்டுது பிள்ளை. அதுதான் குழாயை இறக்கிறன்."

"ஏன் கீழை போனது?"

எனக்குப் பதில் தெரியும். மூன்று பேர் விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். மதிலைக் காட்டத் திரும்பினேன். பெயர்கள்தான் இருந்தன. அதற்குள் வகுப்பிலிருந்து ரீச்சர் கூப்பிட்டார், தாள் கொடுக்கிற நேரம் என்று. பிள்ளை ஓடிவிட்டது.

கேட்ட அந்தப் பிள்ளைக்கும் நன்றி. பதில் சொல்ல வேண்டிய வகுப்பை நாங்கள் மூடிவிட்டோம்.

இப்படிக்கு,
தம்பி